மெஸ்... ஒரு தட்டு சோறு, நாலு பேர், நூறு குழப்பம்!

‘‘மச்சி, மெஸ்ஸுக்குப் போலாமா?’’

ஹாஸ்டல்ல இருக்குற எவனும் ஒரு நாளைக்கு மூணு தடவை கேட்குற, கேட்கப்படுற கேள்வி இது. அதே ஹாஸ்டல்ல வார்டன் திடீர் ரவுண்ட்ஸ் வருவார். கட்டில் மேல ஈரத்துண்டு, அதுக்கு மேல டிராஃப்டர், அதுக்கும் மேல நேத்து வாங்கின பரோட்டா பார்சல் கவர்... பார்த்ததும் தலையில அடிச்சுக்கிட்டு, ‘‘வாட் எ மெஸ்!’’னு கத்துவார்.

முதல் மெஸ், சோறு போடுற இடம். ரெண்டாவது மெஸ், அலங்கோலம். ஸ்பெல்லிங் ஒண்ணு, உச்சரிப்பும் ஒண்ணு. ஆனா அர்த்தத்துல ஏணி வெச்சாலும் எட்டாது. எப்படி பாஸ் இது?

‘எங்க மெஸ் சாம்பாரைப் பார்த்த எவனோ ஒரு புண்ணியவான்தான் இந்த ரெண்டாவது அர்த்தத்தைக் கண்டுபிடிச்சிருக்கணும்’ என்பது ஃபர்ஸ்ட் இயர்ல என்னுடைய தியரி. சும்மா டைம்பாஸுக்கு டிக்‌ஷனரியைப் புரட்டினா, அட, தியரி கிட்டத்தட்ட கரெக்ட்! ஆனா அந்த வார்த்தைக்குள்ள சாம்பாரைவிட பெரிய விஷயங்கள் எல்லாம் மிதக்குது மக்களே...

அனுப்பி வெச்ச சாப்பாடு

லத்தீன்ல ‘மித்தெரே’ன்னா அனுப்புறது. அதிலிருந்து வந்தது ‘மிஸ்ஸுஸ்’. அனுப்பப்பட்டதுன்னு அர்த்தம். சமையல்கட்டுல இருந்து சாப்பாட்டு மேஜைக்கு அனுப்பி வைக்கிற பதார்த்தத்துக்கும் அதே பேர் வந்துச்சு. பழைய பிரெஞ்சுல அது ‘மெஸ்’ ஆகி, 1300-ஐ ஒட்டி இங்கிலீஷுக்குள்ள நுழைஞ்சிடுச்சு. அப்போ அதுக்கு இடம்னும் அர்த்தம் இல்லை, குழப்பம்னும் அர்த்தம் இல்லை. ஒரு ஆளுக்கான ஒரு பங்கு சாப்பாடு. அவ்வளவுதான்.

இந்த ‘மித்தெரே’ குடும்பத்தைக் கொஞ்சம் விசாரிச்சா ஒரு காலேஜே அதுக்குள்ள இருக்கு. அட்மிஷன், பர்மிஷன், ரெக்கார்டு சப்மிஷன், கமிட்டி, டிஸ்மிஸ்... எல்லாமே சொந்தக்காரங்க! ஈ.சி.ஈ. பசங்க படிக்கிற டிரான்ஸ்மிட்டரும், மெக்கானிக்கல் பசங்க கனவு காண்ற மிஸைலும்கூட அதே வகையறாதான். நம்ம போனுக்கு வர்ற மெசேஜ், மெஸ்ஸுக்கு பெரியப்பா பையன் முறை. ரெண்டுமே ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு அனுப்பப்படுறதுதானே!

1611-ல வெளியான கிங் ஜேம்ஸ் பைபிள்ல இந்தப் பழைய அர்த்தம் அப்படியே உட்கார்ந்திருக்கு. எகிப்துல பெரிய பதவிக்கு வந்த யோசேப்பு, தன்னை அடையாளம் தெரியாத அண்ணன் தம்பிகளுக்கு விருந்து வைக்கிறார். தன் மேஜையில இருந்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு ‘மெஸ்’ அனுப்புறார். கடைக்குட்டி பென்யமீனுக்குப் போன மெஸ் மட்டும் மத்தவங்களோடதைவிட அஞ்சு மடங்கு! மெஸ்ல வேண்டப்பட்டவங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா ஆம்லெட் விழுற சமாசாரம் இன்னிக்கு நேத்து ஆரம்பிச்சது இல்லைங்க.

நாலாவது ஆள் வந்தாச்சா?

பங்குக்கு இருந்த பேர், நாளடைவுல பங்கு போட்டுக்கிறவங்களுக்கும் வந்துச்சு. அந்தக் காலத்து இங்கிலாந்து விருந்துகள்ல ஒரு பெரிய பாத்திரத்துல சாப்பாடு வரும். அதைச் சுத்தி உட்கார்ந்து எடுத்துச் சாப்பிடுற கூட்டத்துக்கும் மெஸ்னு பேர் வந்துச்சு. பெரும்பாலும் நாலு பேர். எந்த அளவுக்குன்னா, ‘மெஸ்’னு சொன்னாலே ‘நாலு’ன்னு புரிஞ்சுக்குவாங்க. ஷேக்ஸ்பியரோட ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்துல, ஏற்கெனவே மூணு முட்டாள்கள் இருக்காங்க, நான் நாலாவதா சேர்ந்தாதான் மெஸ் முழுசாகும்ங்கிற அர்த்தத்துல ஒரு கேரக்டர் பேசும். நாலு அரியர் பசங்க ஒண்ணா உட்கார்ந்து பேசுற பேச்சு மாதிரியே இருக்குல்ல?

லண்டன்ல வக்கீல்களை உருவாக்குற நாலு பழைய சங்கங்கள் இருக்கு. இன்ஸ் ஆஃப் கோர்ட்னு பேர். அங்கே நாலு நாலு பேரா சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுற வழக்கம் நூற்றாண்டுகளா உண்டு. ஒவ்வொரு நால்வர் கூட்டமும் ஒரு மெஸ். வக்கீல் ஆகணும்னா பரீட்சை பாஸ் பண்ணினா மட்டும் போதாது, ஒவ்வொரு டெர்ம்லயும் இத்தனை டின்னர்ல கலந்துக்கணும்னு ஒரு காலத்துல ரூல் இருந்துச்சு. அட்டெண்டன்ஸ் லாக் மாதிரி... ஆனா சாப்பாட்டுக்கு!

இந்த மெஸ்ல உட்கார்ந்த ஒரு கூச்ச சுபாவ இளைஞரை நமக்கெல்லாம் நல்லாத் தெரியும். 1888-ல இன்னர் டெம்பிள்ல சேர்ந்த மோகன்தாஸ் காந்தி. ‘சத்திய சோதனை’யில அவரே இதை எழுதியிருக்கார். நாலு பேர் கொண்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் ரெண்டு பாட்டில் ஒயின் தருவாங்க. காந்தி அதைத் தொட மாட்டார். அதனால அவரை நாலாவது ஆளா சேர்த்துக்க எப்பவும் போட்டி! நாலு பேருக்கான ரெண்டு பாட்டிலை மூணு பேர் காலி பண்ணலாமே!

சிரிப்பா இருந்தாலும், யோசிச்சா அதுல ஒரு விஷயம் இருக்கு. சைவச் சாப்பாடு, குடிக்காத பழக்கம், தயக்கம்னு அந்த ஊருக்குப் பொருந்தாத ஒரு வெளியூர்ப் பையனுக்கு, ஒரு மேஜையில ‘வா, இங்க உட்காரு’ன்னு இடம் கிடைச்சது. காரணம் பாட்டிலாகவே இருக்கட்டும்... அந்த இடம் கிடைக்கிறது சின்ன விஷயமா என்ன?

‘இது யாருக்கு?’

கரையில நாலு பேர்னா, கப்பல்ல ஆறு பேர், எட்டு பேர். பழைய பிரிட்டிஷ் போர்க் கப்பல்கள்ல பீரங்கிகளுக்கு நடுவுல மேஜையைத் தொங்கவிட்டு, குட்டிக் குட்டிக் கூட்டமா சாப்பிடுவாங்க. ஒவ்வொரு கூட்டமும் ஒரு மெஸ். கூடச் சாப்பிடுறவன் ‘மெஸ்மேட்’. ரூம்மேட், கிளாஸ்மேட், பேட்ச்மேட்னு நாம சொல்ற அத்தனை மேட்டுக்கும் இவன் சொந்தக்காரன்.

கப்பல் சாப்பாடு அளவு சாப்பாடு. பெரிய துண்டு எவனுக்கு, எலும்பு எவனுக்குன்னு சண்டை வரக்கூடாதே? அதுக்கு மாலுமிகள் வெச்சிருந்த டெக்னிக் செம சிம்பிள். ஒருத்தன் முதுகைக் காட்டி நின்னுக்குவான். இன்னொருத்தன் ஒரு பங்கைத் தொட்டுக் காட்டி, ‘இது யாருக்கு?’ன்னு கேட்பான். முதுகு காட்டினவன் பார்க்காமலே ஒரு பேர் சொல்வான். அந்தப் பங்கு அவனுக்கு. அப்பீல் கிடையாது!

1789-ல ‘பவுண்டி’ கப்பல்ல கலகம் நடந்தப்போ, கேப்டன் வில்லியம் பிளையையும் அவரோட ஆட்களையும் ஒரு திறந்த படகுல ஏத்தி நடுக்கடல்ல விட்டுட்டாங்க. படகோட நீளம் 23 அடி. ஒரு தீவுல நடந்த தாக்குதல்ல ஒருத்தர் செத்துப்போக, மிச்சம் 18 பேர். கிட்டத்தட்ட 3,600 கடல் மைல் பயணம் பண்ணி டிமோர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. வழியில கைக்குக் கிடைச்சது ஒரு சின்னக் கடல்பறவை. அதை 18 பங்கா போட்டு, ‘இது யாருக்கு?’ முறையிலதான் பிரிச்சுக்கிட்டாங்க. பசியில ஆளை ஆள் அடிச்சுக்காம கரைசேர்ந்ததுக்கு, பங்குல கேப்டனுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே ரூல் இருந்ததும் ஒரு காரணமா இருக்கணும்.

கஞ்சி குழம்பிய கதை

சரி, நம்ம மெயின் டவுட்டுக்கு வருவோம். சாப்பாடு எப்படி அலங்கோலம் ஆச்சு?

அந்தக் காலத்து ‘மெஸ்’ல நிறைய, கரண்டியில ஊத்துற ஐட்டங்கள்தான். கஞ்சி, கூழ், வேகவெச்ச பருப்பு மாதிரி. பைபிள் ஏசா, ஒரு தட்டு கூழுக்காகத் தன் மூத்த மகன் உரிமையையே தம்பிக்கு வித்த கதை தெரியும்ல? அந்தக் கூழைத்தான் இங்கிலீஷ்ல ‘மெஸ் ஆஃப் பாட்டேஜ்’னு சொல்வாங்க. இன்னிக்கும் அற்ப லாபத்துக்காகப் பெரிய விஷயத்தை விட்டுக்கொடுத்தா அதே வார்த்தைதான்.

கூழ், கஞ்சிக்கு இருந்த பேர் அப்புறம் மிருகங்களுக்குக் கலந்து வைக்கிற தீவனத்துக்குப் போச்சு. அங்கிருந்து, எது எதுன்னு பிரிக்கவே முடியாம கலந்து கிடக்குற எதுக்கும் போச்சு. 19-ம் நூற்றாண்டோட முதல் பாதியில ‘குழப்பம்’, ‘சிக்கல்’ங்கிற அர்த்தங்கள் வந்து உட்கார்ந்துடுச்சு. அதுக்கப்புறம் குடும்பம் பெருகிப்போச்சு. காரியத்தைச் சொதப்பினா மெஸ் அப். வெட்டியாப் பொழுதைப் போக்கினா மெஸ் அரவுண்ட். வம்புக்கு இழுத்தா மெஸ் வித். நாய்க்குட்டி கார்ப்பெட்ல ‘போய்’ வெச்சா அதுவும் மெஸ்!

‘ஹாட் மெஸ்’னு ஒரு ஸ்லாங் இருக்கே... அழகா இருந்தும் ஏடாகூடமா இருக்குற ஆளைச் சொல்றது. அது ஒரு காலத்துல நிஜமாவே சூடான சாப்பாடுன்னுதான் அர்த்தம். இங்கிலாந்துல ‘ஈட்டன் மெஸ்’னு ஒரு இனிப்பு இருக்கு. ஸ்ட்ராபெரி, க்ரீம், முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துச் சுட்ட மெரிங்... எல்லாத்தையும் உடைச்சுக் கலக்கினது. சாப்பாடு, அலங்கோலம்னு ரெண்டு அர்த்தமும் ஒரே கிண்ணத்துல!

இதுல பெஸ்ட் காமெடி அமெரிக்காவுல. சாலையோரக் குப்பையைக் குறைக்க டெக்சாஸ் மாநிலம் 1980-கள்ல ஒரு ஸ்லோகன் பிடிச்சது. ‘டோன்ட் மெஸ் வித் டெக்சாஸ்.’ குப்பை போடாதேங்கிற அர்த்தமும் வருது, ‘எங்ககிட்ட வெச்சுக்காதே’ங்கிற பஞ்ச் டயலாக்கும் வருது. குப்பைத்தொட்டிக்காகப் பிறந்த வாசகம், டி-ஷர்ட்ல ஏறி ஊரோட வீரவசனமா மாறிடுச்சு.

திருவல்லிக்கேணி டு கொல்கத்தா

பிரிட்டிஷ் பட்டாளத்தோட ஆபீசர்ஸ் மெஸ் நம்ம ஊர் கன்டோன்மென்ட்டுக்கு வந்துச்சு. ஹாஸ்டலுக்கும் அதே பேர். ஆனா நம்மாளுங்க அதோட விடலை. வேலை தேடி மெட்ராஸ் வந்து மேன்ஷன்ல தங்கினவங்களுக்கு, வீட்டுச் சாப்பாடு மாதிரி அளவா, விலை கம்மியா போடுற சின்னச் சின்ன இடங்களும் ‘மெஸ்’ ஆச்சு. திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ், மயிலாப்பூர் ராயர் மெஸ்னு சைவம் ஒரு பக்கம். மதுரை அம்மா மெஸ், குமார் மெஸ்னு கறியும் மீனும் இன்னொரு பக்கம். இங்கிலீஷ்காரன்கிட்ட போய் ‘மெஸ்’னு போர்டு மாட்டின ஓட்டல்ல சாப்பிட வான்னு கூப்பிட்டா பயந்துடுவான். நமக்கு அந்தப் பேரைக் கேட்டாலே நாக்கு ஊறும்!

இதே வார்த்தை கொல்கத்தாவுல வேற மாதிரி. அங்கே மெஸ்னா தங்குற வீடு. வெளியூர்ல இருந்து வந்த பேச்சலர்கள் சேர்ந்து தங்கி, சேர்ந்து சாப்பிடுற ‘மெஸ் பாரி’. வங்காளத் துப்பறியும் ஹீரோ பியோம்கேஷ் பக்‌ஷியும் அவர் நண்பர் அஜித்தும் முதன்முதலா சந்திக்கிறதே அப்படி ஒரு மெஸ்லதான். பிரேமேந்திர மித்ராவோட கனாதா, அளந்து விடுற கதைகளை எல்லாம் உட்கார்ந்து சொல்றதும் ஒரு மெஸ்லதான்.

யாரோட பந்தி?

சேர்ந்து சாப்பிடுறதுக்கு நம்மகிட்டயே ஒரு வார்த்தை உண்டு. பந்தி. அதுல யார் பக்கத்துல யார் உட்காரலாம்ங்கிற கேள்வி இந்த மண்ணுல எவ்வளவு பெரிய சண்டைன்னு சொல்லத் தேவையில்லை. அதுல ஒரு சண்டை, ஒரு மாணவர் விடுதியிலேயே வெடிச்சது. திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில வ.வே.சு.ஐயர் நடத்தின குருகுலம். தேச பக்தி சொல்லிக்கொடுக்க, காங்கிரஸ் கட்சியோட நிதியும் வாங்கி நடந்த இடம். அங்கே பிராமண மாணவர்கள் ரெண்டு பேருக்கு மட்டும் தனியா சாப்பாடு போடுறாங்கன்னு தெரிஞ்சதும், 1924-25-ல தமிழ்நாடே ரெண்டுபட்டுச்சு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையா எதிர்த்தாங்க. 1925-ல பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினதுக்கு இந்தச் சாப்பாட்டு விவகாரமும் ஒரு காரணம்.

ஒரு ஹாஸ்டல் மெஸ்ல ரெண்டு தட்டு எங்க இருக்கணும்ங்கிற விஷயம், ஒரு மாநிலத்தோட அரசியலையே புரட்டிப்போட்டிருக்கு. ஸோ, இனிமே யாராவது ‘ப்ச்... மெஸ் மேட்டர்தானே’ன்னு சொன்னா நம்பாதீங்க!

ஒன்பது லட்சம் வகுத்தல் ஒன்பதாயிரம்

நம்ம ஊர் காலேஜ் ஹாஸ்டல்கள் பலதுல ‘டிவைடிங் சிஸ்டம்’ இருக்கும். அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், சமையல்காரங்க சம்பளம்னு அந்த மாசம் ஆன மொத்தச் செலவை, எல்லாரும் சாப்பிட்ட மொத்த நாட்களால வகுக்கணும். 300 பேர், 30 நாள்னா 9,000. செலவு 9 லட்சம்னா, தலைக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய். ஊருக்குப் போற நாளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தா ரிடக்‌ஷன் உண்டு. ஆக, 700 வருஷத்துக்கு முந்தின அர்த்தம் அப்படியே நம்ம மெஸ் பில்லுல இருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு பங்கு!

ஆனா அந்தப் பங்குக்குக் காசு கட்ட முடியலைன்னா?

எங்க மேஜை, கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல மூலை மேஜை. நாலு பேர் நாங்க. ரெண்டாவது வருஷத்துல ஒரு நாள், நாலாவது ஆள் வரலை. கேட்டா ‘வயிறு சரியில்லை மச்சி’ன்னான். அடுத்த நாள் ‘லேப் ரெக்கார்டு முடிக்கணும்’. அதுக்கடுத்த நாள் ‘டயட்’. இவனாவது டயட்டாவதுன்னு கலாய்ச்சுட்டு, அவனோட பங்கு அப்பளத்தையும் சேர்த்து நொறுக்கிட்டு வந்தோம். பத்து நாள் இப்படியே போச்சு.

கண்டுபிடிச்சது நாங்க இல்லை. சாப்பாடு பரிமாறுற அண்ணன்தான். ‘‘தம்பி, உங்க மேஜையில நாலாவது பிள்ளையைக் காணோமே... போர்டுல பேர் வந்துச்சே, அதனாலயா?’’ன்னார். நோட்டீஸ் போர்டுல மெஸ் பில் பாக்கி லிஸ்ட். அதுல அவன் பேரு, ரோல் நம்பரு, தொகை. அந்த வழியா தினமும் நாலு தடவை போயிருக்கோம். ஒருத்தன்கூடப் படிக்கலை. ஊர்ல மழை பொய்ச்சுடுச்சு, அப்பாவால பணம் அனுப்ப முடியலை. சார், ரெண்டு வேளை டீ-பன்னுல ஓட்டிக்கிட்டு இருந்திருக்கார்.

நாங்க ஹீரோ மாதிரி ஒரு வேலை பண்ணினோம். பாக்கியை மூணா வகுத்து, அவன்கிட்ட சொல்லாமலே கட்டிட்டோம். அவன் சந்தோஷப்படுவான்னு நினைச்சோம். ஒரு வாரம் எங்க மூஞ்சியிலகூட முழிக்கலை. அப்புறம் ஒரு ராத்திரி மொட்டை மாடியில சொன்னான்... ‘‘டேய், போர்டுல பேர் வந்தப்போகூட இவ்வளவு அசிங்கமா இல்லைடா. மூணு பேர் கட்டினீங்கல்ல... நாலுல ஏன்டா வகுக்கலை?’’

அவ்வளவுதான் மேட்டர். எங்களுக்கு வகுத்தல் கணக்குல தப்பு. அவனையும் ஒரு பங்காளியா வெச்சு நாலால வகுத்திருக்கணும். அவன் பங்கை அவன் மெதுவா கட்டியிருப்பான். மூணால வகுத்தப்பவே அவனை மேஜையை விட்டு எழுப்பிட்டோம். ‘இது யாருக்கு?’ முறையில முதுகு காட்டி நிக்கிறவன் சொல்ற பேர்ல எல்லார் பேரும் இருக்கும். பரிதாபத்துக்கு அங்க இடம் கிடையாது.

அப்புறம் பழையபடி நாலு பேரும் சேர்ந்து, ரெப்பைப் பிடிச்சு, மெஸ் கமிட்டியில பேசினோம். இப்போ பாக்கி லிஸ்ட்டை போர்டுல ஒட்டுறது இல்லை. சம்பந்தப்பட்ட ஆள்கிட்ட தனியா சொல்றாங்க. தவணையில கட்டலாம். பெரிய புரட்சி எல்லாம் இல்லை. ஒரு தாள் போர்டுல இருந்து இறங்கினது, அவ்வளவுதான். ஆனா டீ-பன் ‘டயட்’ பார்ட்டிகள் குறைஞ்சிருக்காங்கன்னு பரிமாறுற அண்ணன் சொல்றார். அவர் கணக்கு தப்பாது.

உங்க மேஜையையும் இன்னிக்கு ராத்திரி ஒரு தடவை எண்ணிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். ஆள் குறைஞ்சா, ‘வயிறு சரியில்லை’ன்னு அவன் சொல்றதை உடனே நம்பிடாதீங்க.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாலாவது ஆள்கிட்ட படிச்சுக் காட்டினேன். பேர் போடாத வரைக்கும் ஓகேன்னான். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொன்னான்.

‘‘மொத்தப் பாக்கியும் அடைஞ்சிடுச்சுன்னு எழுதிடாதடா. உனக்கு இன்னும் 150 ரூபாய் தரணும்.’’